பாங்காக்கில் கடைசி நாள்: எங்கே போகலாம், எதை விடலாம்

ஏழு மாதம் வியட்நாம், லாவோஸ், கம்போடியா, தாய்லாந்து என்று அலைந்துவிட்டு, 2025 ஜனவரி 25, சனிக்கிழமை இரவு பத்தரைக்கு எங்களுக்குச் சென்னை விமானம். அறையைப் பதினொரு மணிக்குக் காலி செய்ய வேண்டும், ஆறு மணிவாக்கில் விமான நிலைய ரயில் பிடித்தால் போதும். ஆக, ஒரு முழுப் பகல் கையில் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று வெள்ளி ராத்திரி நானும் வீட்டுக்காரரும் உட்கார்ந்து பேசியதில் பாதி கணக்கு, பாதி சண்டை. சண்டையை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் எழுதுகிறேன், இதே மாதிரி ஒரு பகலை வைத்துக்கொண்டு முழிக்கிற யாருக்காவது உதவும்.

ஒரு வாரம் லீவு போட்டு வருகிறவர்களுக்குக் கடைசி நாள் என்றால் விட்டுப்போனதைப் பிடிக்கிற நாள், பட்டியலில் இன்னும் டிக் அடிக்காதது எது என்று பார்த்து ஓடுவார்கள். மாதக்கணக்கில் திரிகிறவர்களுக்கு அந்தப் பட்டியலே எப்போதோ தொலைந்துபோயிருக்கும். எங்களுக்கு அங்கோர், லுவாங் பிரபாங், அயுத்தயா எல்லாம் முடிந்து, இன்னொரு தங்கக் கூரையைக் காட்டினால் கொட்டாவி வருகிற நிலைமை. அதனால் மூன்று விஷயத்தை வைத்து ஒவ்வோர் இடத்தையும் நிறுத்துப் பார்த்தோம். முதலாவது வியர்வை, ஏனென்றால் அதே உடம்போடுதான் மூன்றரை மணி நேரம் விமானத்தில் பக்கத்து ஆளை இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அடுத்தது மூட்டை. எனக்குப் பெரியதாகப் பட்டது மூன்றாவதுதான்: போகிற இடத்தை எந்த நிமிடமும் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்ப முடியுமா? டிக்கெட் வாங்கி உள்ளே போய்விட்டால், கால் விண்விண் என்று தெறித்தாலும் கொடுத்த காசுக்கு முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் வருவோம், நம் புத்தி அப்படி. கடைசி நாளில் அந்தப் புத்திக்கு வேலை கொடுக்கக் கூடாது.

இடங்களுக்குப் போகும் முன் இரண்டு நடைமுறை விஷயம். நீண்ட நாள் தங்குகிறவர்களுக்குத் தேதி மறந்துபோகும், அது இயற்கை. பாஸ்போர்ட்டில் குத்தியிருக்கும் தேதியைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே எடுத்துப் பாருங்கள். தாண்டினால் நாளுக்கு 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000. நள்ளிரவுக்கு மேல் கிளம்பும் விமானமாக இருந்தால், குடிநுழைவு மேசையைப் பன்னிரண்டுக்கு முன் தாண்டுகிறோமா பின் தாண்டுகிறோமா என்பதும் கணக்கு. அப்புறம் தங்கும் இடம். நாங்கள் கடைசி இரண்டு ராத்திரிக்கு மட்டும் பாயா தாய் ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்ன விடுதிக்கு மாறிக்கொண்டோம். சுவர்ணபூமி விமான நிலையத்துக்குப் போகிற ரயில் அங்கேதான் தொடங்குகிறது, 45 பாட், அரை மணி நேரம், வழியில் டிராஃபிக் என்ற பேச்சே கிடையாது. அறையைக் காலி செய்த பிறகும் மூட்டையை வரவேற்பறையில் வைத்துவிட்டு, சாயங்காலம் பொதுக் குளியலறையில் குளித்துவிட்டுப் போகலாம் என்றார் விடுதிக்காரம்மா. ‘லேட் செக்-அவுட்’ என்று அரை நாள் வாடகை அழுவதைவிட இது எவ்வளவோ மேல், கேட்காமல் விடாதீர்கள்.

சரி, முதலில் எல்லாரும் சொல்வது அரண்மனை. “இத்தனை மாசத்துல மூணு தடவை பாங்காக் வந்தாச்சு, அரண்மனை பாக்கலைன்னா ஊர்ல என்ன சொல்லுவாங்க?” என்றார் இவர். ஊரில் கேட்பார்கள்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள்: அரண்மனைக்கு 500 பாட், பக்கத்தில் வாட் போவுக்கு (வாட் என்றால் கோயில்) 300, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாட் அருணுக்கு 200. ஆளுக்கு ஆயிரம், இரண்டு பேருக்கு இரண்டாயிரம், நம் காசில் ஐயாயிரம் ரூபாய்க்குக் குறையாது. பாட் எல்லாம் தீர்ந்துபோன கடைசி நாளில் இதற்காக ஏடிஎம் போக வேண்டியிருக்கும். அரண்மனையில் மாலை மூன்றரையோடு டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், கூட்டம் அலைமோதும். வாட் போவில் 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரை ஒரு தடவையாவது பார்க்கத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை (நான் பத்து வருடம் முன்னால் பார்த்துவிட்டேன், அந்தத் தைரியத்தில் பேசுகிறேன்). ஆனால் அது தெம்பாக இருக்கும் முதல் வாரத்துக்கான இடம். போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வாசலுக்குக் கொஞ்சம் முன்னாடி யாராவது நல்லவர் போல வந்து “இன்றைக்கு அரண்மனை மூடல், வேறு கோயிலுக்கு டுக்டுக்கில் கூட்டிப் போகிறேன்” என்றால் காது கேட்காதவர் மாதிரி நேரே நடங்கள்.

இரண்டாவது, பாங் கிரச்சாவ். பாங்காக்கில் எனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், அதனாலேயே இதை ஒதுக்க மனசு வரவில்லை. சாவ் பிரயா ஆறு ஒரு பெரிய வளையம் போட்டுத் திரும்புகிற இடத்தில், கிட்டத்தட்ட தீவு மாதிரி, மேம்பாலமோ மாடிக்கட்டடமோ இல்லாத ஒரு பசுமைத் துண்டு. க்ளோங் தோய் படித்துறையில் ஒரு சின்னப் படகில் ஏறி ஆற்றைக் கடந்தால் போதும், எதிர்க்கரையில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், நாள் முழுக்க வைத்துக்கொள்ளலாம். தென்னையும் நீர்ப்பனையும் மண்டிய சதுப்புக்குள் தூண் மேல் போட்ட காங்கிரீட் பாதைகள். ஒரு சைக்கிள் போகிற அகலம்தான், பல இடங்களில் கைப்பிடி கிடையாது. சனி ஞாயிறில் மட்டும் கூடும் பாங் நாம் பூங் சந்தையும் அங்கேதான், எங்களுக்கோ சனிக்கிழமை. எல்லாம் ஒத்துவந்த மாதிரி இருக்கிறதல்லவா? போன தடவை இதே பாதையில் எதிரே வந்த ஒரு பாட்டிக்கு வழி விடப் போய் இவர் சைக்கிளோடு சேற்றில் இறங்கிவிட்டார். தொடை வரைக்கும் சேறு. பாட்டி வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மாற்று உடையோடு அறை காத்திருந்த நாளில் அது கதை. அறையைக் காலி செய்துவிட்ட நாளில் அந்தச் சேற்றோடு விமான நிலையம் போக வேண்டியிருக்கும். தவிர, உள்ளே ஐந்தாறு கிலோமீட்டர் மிதித்துப் போன பிறகு ‘போதும்’ என்று தோன்றினால், வந்த அதே தூரம் திரும்ப மிதித்துத்தான் ஆக வேண்டும். இன்னொன்று, அந்த வாரம் காற்று படுமோசம். ஜனவரியில் காற்றோட்டம் குறைந்து, வயல் எரிக்கிற புகையும் வண்டிப் புகையும் ஊர் மேல் அப்படியே உட்கார்ந்துகொள்கிறது. அதில் மூச்சு வாங்க சைக்கிள் மிதிப்பது ஆரோக்கியமான யோசனை இல்லை. கடைசி நாளுக்கு முந்தின நாள் போங்கள். கட்டாயம் போங்கள்.

ச்சதுச்சக் சந்தைக்கு உண்மையில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. ஏழு மாதம் எட்டுக் கிலோ பையோடு திரிந்தவளுக்கு, ஒரு மண் கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பதே பழக்கமாகிவிட்டது. கடைசி நாளில் வாங்கினால் விமான நிலையம் வரைக்கும்தானே தூக்க வேண்டும்! சனி ஞாயிறுதான் முழுச் சந்தை, பதினைந்தாயிரம் கடைக்கு மேல் என்கிறார்கள், துணியிலிருந்து தொட்டிச் செடி வரைக்கும். இந்த வாதம் என்னைக் கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டது. தோற்றது எங்கே என்றால், அங்கே போனால் நான் அளவோடு வாங்க மாட்டேன் என்று எனக்கே தெரியும். பையின் எடை ஏறும், கூடுதல் எடைக்குக் கட்டணம் கேட்பார்கள், இவர் ஒன்றும் சொல்லாமல் முகத்தை மட்டும் ஒரு மாதிரி வைத்துக்கொள்வார். தகரக் கூரைக்குக் கீழே மதியச் சூடு வேறு. தெருமுனைக் கடையில் மூக்கில் வைத்து உறிஞ்சும் ‘யா தொம்’ குச்சி ஒரு டஜன், கொஞ்சம் தைலம், பேரங்காடியில் மிளகாய்ப் பொடி தூவிய காய்ந்த மாங்காய். ஊரில் கொடுக்க இவ்வளவு போதும், எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ வராது.

நான்காவது, எங்கேயும் போகாமல் பூங்காவில் கிடப்பது. லும்பினி சுமார் 140 ஏக்கர், அனுமதி இலவசம். குளக்கரையில் நம் ஆள் நீளத்துக்கு உடும்புகள் சொந்தத் தோட்டத்தில் உலாத்துகிற மாதிரி போகும், ஓடுகிறவர்கள் அவற்றுக்கு வழி விட்டு ஓடுவார்கள். அங்கிருந்து வண்டிகள் ஓடும் சாலைகளுக்கு மேலாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நடைபாலத்தில் போனால் பென்சகிட்டி பூங்கா. பழைய புகையிலை ஆலை இருந்த நிலத்தைச் சதுப்புக் காடாக மாற்றி 2022இல் திறந்தார்கள், ஆலைக் கூடங்களில் சிலவற்றை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். பாதியில் விட்டுப் போவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது, பெஞ்சிலிருந்து எழுந்தால் முடிந்தது. நான் இதற்கே ஓட்டுப் போட்டேன். “பூங்காவுல உக்கார ஏம்மா பாங்காக், நம்ம நடேசன் பார்க்லயே உக்காரலாமே” என்றார். அது அநியாயமான வாதம், நடேசன் பார்க்கில் உடும்பு கிடையாது. ஆனாலும் காலை எட்டு மணி வரைக்கும் சொர்க்கமாக இருக்கிற பூங்கா பதினொரு மணிக்கு மேல் சுடும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

கடைசியில் நாங்கள் எடுத்தது ஐந்தாவது. இது ஓர் இடமே இல்லை, ஒரு சுற்று: கால்வாய்ப் படகில் பழைய நகரத்துக்குப் போய், நடந்து ஆற்றுக்கு வந்து, ஆற்றுப் படகில் கீழே இறங்கி, ரயிலில் அறைக்குத் திரும்புவது. வரைபடத்தில் பார்த்தால் ஒரு வட்டம். அதன் சிறப்பு என்னவென்றால் வழியெங்கும் வாசல்கள், எந்த இடத்தில் சலித்தாலும் பதினைந்து நிமிட நடையில் ஒரு ரயில் நிலையமோ படகுத்துறையோ வந்துவிடும். அன்றைக்கு இன்னொரு அதிர்ஷ்டம். காற்று மாசைக் குறைக்க, மக்கள் காரை விட்டுவிட்டு வரட்டும் என்று, சரியாக அந்தச் சனிக்கிழமையிலிருந்து ஒரு வாரத்துக்கு ஸ்கைட்ரெயினையும் மெட்ரோவையும் இலவசமாக்கியிருந்தார்கள். படகிலும் இதே புகைக்காற்றுதானே என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான், முகமூடி போட்டுக்கொண்டுதான் போனோம்.

பத்தரைக்கு மூட்டையை ஒப்படைத்துவிட்டு ஹுவா சாங் படகுத்துறைக்கு நடந்தோம். சென் செப் கால்வாய் 1837 தொடங்கி 1840 வரை மூன்றாம் ராமா மன்னர் காலத்தில் வெட்டியது, இப்போது நம் ஊர் டவுன் பஸ் மாதிரி அதில் படகு ஓடுகிறது. தண்ணீர் கறுப்பு, வாசனை சுமார். படகு வந்து முழுசாக நிற்காது, கயிற்றைப் பிடித்துத் தாவி ஏற வேண்டும், உட்கார்ந்ததும் ஓரத்தில் இருப்பவர் கயிற்றை இழுத்து பிளாஸ்டிக் திரையைத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் நம் மேல். கண்டக்டர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு படகின் வெளி விளிம்பில் நடந்து வந்து டிக்கெட் கிழிப்பார். தாழ்வான பாலம் வந்தால் கூரையையே இறக்குவார்கள். கட்டணம் சில்லறைதான், மாற்ற முடியாத நாணயங்களைத் தீர்க்க இதைவிட நல்ல வழி இல்லை. ஏறும் முன் எதிர்க்கரையைப் பாருங்கள், அது பான் க்ருவா, சாம் என்ற இனத்து முஸ்லிம்கள் வாழும் குடியிருப்பு. இந்தப் பக்கம் வீடு கட்டிக்கொண்ட ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர் உலகத்துக்கு விற்ற தாய்ப் பட்டை நெய்து கொடுத்தவர்கள் இவர்கள். அவர் 1967இல் மலேசியாவின் கேமரன் மலையில் நடக்கப் போய்த் திரும்பவேயில்லை.

பான்ஃபாவில் படகு முடிகிறது. மேலே ஏறினால் வாட் சக்கேத்தின் தங்கமலை, முந்நூற்றுச் சொச்சம் படி, 100 பாட். ஏறவில்லை. வியர்வைக் கணக்கு. அதற்குப் பதில் அதன் அடிவாரத்துப் பான் பாட் சந்துக்குள் நுழைந்தோம். பிட்சுகளின் திருவோட்டைக் கையால் தட்டிச் செய்கிற குடும்பங்கள் இன்னும் சில அங்கே மிச்சம். எட்டு இரும்புத் துண்டுகளை ஒட்டி ஒரு ஓடு, புத்தர் சொன்ன எண்வழிப் பாதைக்கு எட்டு. டங் டங் என்ற சத்தத்தை வைத்தே வழி கண்டுபிடிக்கலாம்.

அங்கிருந்து பம்ருங் மியாங் சாலை. இரண்டு பக்கமும் கடைகளில் ஆளுயரப் புத்தர்கள் தூசி படாமல் பிளாஸ்டிக் சுற்றி நிற்கிறார்கள், பக்கத்தில் பிட்சுகளுக்குத் தானம் கொடுக்க சோப்பும் டூத்பேஸ்டும் அடுக்கிய காவி வாளிகள். சாலை முடிவில் பெரிய ஊஞ்சல், சிவப்புத் தேக்குத் தூண்கள், இருபது மீட்டருக்கு மேல் உயரம். முதலில் 1784இல் வைத்தது, இப்போது நிற்பது ப்ரே மாகாணத்துத் தேக்கில் புதிதாகச் செய்து 2007இல் அர்ப்பணித்தது. ஒரு காலத்தில் இதில் ஆடிக்கொண்டே உயரக் கம்பத்தில் கட்டிய காசுப் பையைப் பல்லால் கவ்வுவார்களாம், விழுந்து செத்தவர்களும் உண்டு. 1935இல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்தச் சடங்கு நிற்கவில்லை. அதன் பெயர் திரியம்பவாய், திரிபவாய். வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை, திருப்பாவை! எதிரே இருக்கும் தேவசதானில், அதாவது தேவஸ்தானத்தில், தாய் அரசவைப் பிராமணர்கள் வருடா வருடம் மார்கழிவாக்கில் அந்தத் தமிழ்ப் பாடல்களை ஓதுகிறார்கள். கிரந்த எழுத்து வழியாகத் தலைமுறை தலைமுறையாக வந்ததில் உச்சரிப்பு தேய்ந்து, பொருள் போய், ஒலி மட்டும் நிற்கிறது. நாங்கள் போனபோது மார்கழி முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள், சன்னிதி திறந்திருக்கவில்லை. வாசல் கம்பிக்கு வெளியே நின்று, சின்ன வயசில் விடிகாலைக் குளிரில் தூங்கி வழிந்துகொண்டே பாடினதை மெல்ல முணுமுணுத்தேன். இவர் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு அமைதியாக நின்றார். ஏழு மாதத்தில் பார்த்த பெரிய கோயில்கள் எதிலும் எனக்குத் தொண்டை அடைக்கவில்லை, பூட்டின இந்த வாசலில் அடைத்தது.

சாப்பாடு பற்றிச் சைவர்களுக்கு ஒரு வரி. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து, பார்க்க 17 என்று எழுதினது போல இருந்தால் அது ‘ஜே’ கடை: மீன் சாறு, முட்டை, பூண்டு, வெங்காயம் எதுவும் இருக்காது. ‘மங்சவிரத்’ என்றாலும் சைவம்தான், மாம்ச விரதம் என்று நினைத்துக்கொண்டால் மறக்காது, ஆனால் அதில் முட்டை வரலாம். சீனப் புத்தாண்டுக்கு நாலு நாள்தான் இருந்ததால் வழியெல்லாம் சிவப்பு விளக்குத் தோரணம், ஆரஞ்சுப் பழக் குவியல். ஒரு ஜே கடையில் சோறும் இரண்டு தொடுகறியும் வாங்கி, கடைக்குப் பின்னாடி பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஓட்டினோம்.

பிறகு தெற்கே இறங்கி பாக் க்ளோங் பூச்சந்தை. சாமந்தி மூட்டை மூட்டையாக, மல்லிகை ஐஸ் கட்டிக்குப் பக்கத்தில். அங்கேயும் மாலைக்கு மாலை என்றே பெயர், ‘புவாங் மாலய்’. தலையில் வைக்க இரண்டு முழம் என்று கேட்டால் அவர்களுக்குப் புரியாது, கையில் தொங்கவிடுகிற சின்ன வளையமாகத்தான் கட்டுகிறார்கள். ஒன்று வாங்கிக்கொண்டேன். இங்கேதான் இவர் செருப்பின் வார் அறுந்தது. ஏழு மாதம் தாங்கின செருப்பு! இதுவே பாங் கிரச்சாவ் நடுவிலோ அரண்மனை முற்றத்திலோ நடந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று தெரியவில்லை. இங்கே ஒரு பூக்காரம்மா சணல் நாரை எடுத்துக் கட்டிவிட்டார், ஐந்து நிமிட நடையில் படகுத்துறை.

ஆரஞ்சுக் கொடிப் படகு 16 பாட். சுற்றுலாக்காரர்களுக்கான நீலக் கொடிப் படகும் அதே தண்ணீரில்தான் போகிறது, விலை மட்டும் வேறு. சத்தோர்னில் இறங்கினோம். திட்டப்படி அங்கிருந்து சீலோம் பக்கம் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருக்க வேண்டும், 1879இல் தமிழர்கள் கட்டியது, உள்ளூர்க்காரர்கள் வாட் கேக் என்பார்கள். மணி மூன்றேகால். சணல் கட்டின செருப்பைப் பார்த்தேன். “விட்டுடலாமா?” என்றேன். “விட்டுடலாம்” என்றார். படகுத்துறைப் பெஞ்சில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம், ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் பார்த்துக்கொண்டு.

எல்லாருக்கும் இந்தச் சுற்றுதான் என்று சொல்ல மாட்டேன். குழந்தைகள் கூட இருந்தால் பூங்காவே நல்லது, ஓடும் படகில் தாவி ஏற அவர்கள் தயங்குவார்கள், நீங்கள் அவர்களைவிடத் தயங்குவீர்கள். செப்டம்பர், அக்டோபர் மழையில் வந்தால் நடையைக் குறைத்து ஆற்றுப் படகை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் விடிகாலை விமானம், அறை ராத்திரி முழுக்கக் கையில் இருக்கிறது என்றால் ச்சதுச்சக் போங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. பாங்காக்கையே இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறீர்கள், கைவசம் இந்த ஒரே நாள்தான் என்றால் நான் மேலே சொன்னது எதையும் கேட்காதீர்கள், அரண்மனைக்கே போங்கள்.

ஐந்து மணிக்கு விடுதியில் குளித்து, பையைத் தூக்கிக்கொண்டு பாயா தாய் ஸ்டேஷன் படியேறும்போது மணி சரியாக ஆறு. ஒலிபெருக்கியில் தேசிய கீதம் தொடங்கியது, தினமும் காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் போடுவார்கள். மேலே ஓடிக்கொண்டிருந்தவர், டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தவர், இட்லித் தட்டு மாதிரி ஏதோ அடுக்கித் தூக்கிப் போன ஓர் அம்மா, எல்லாரும் இருந்த இடத்தில் அப்படியே நின்றார்கள். நாங்களும் நின்றோம், நான் கையில் வாடின மாலயோடு, இவர் ஒரு காலில் சணலோடு.